ஆறு வழிகாட்டிகளும் ஒரு விடுதலைப் பத்திரமும்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு சகோதரி பதினொரு பக்கக் கடிதம் அனுப்பியிருக்கிறார். கோடு போட்ட தாளில், ஓரம் விட்டு, ஒரு அடித்தல்கூட இல்லாத கையெழுத்து. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிச் சுருக்கமாகத் தருகிறேன்.

வயது 38. தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் பன்னிரண்டு ஆண்டுகளாக வேலை. கணவர் நெய்வேலியில் ஒப்பந்தப் பணியில் இருக்கிறார். இரண்டு பிள்ளைகள். பிறந்த ஊர் பண்ருட்டிப் பக்கம். அங்கே அப்பாவுக்கு இரண்டரை ஏக்கர் முந்திரித் தோப்பு. அப்பா காலமாகிப் பதினான்கு மாதங்கள் ஆகின்றன. உயில் எழுதவில்லை. அம்மா ஊரில் இருக்கிறார், தம்பி சிங்கப்பூரில் இருக்கிறார். தோப்பைச் சித்தப்பா குத்தகைக்கு எடுத்து நடத்துகிறார்.

“அப்பா இருந்தவரை எனக்கு வேறு யாரும் தேவைப்படவில்லை. எதுவானாலும் அவரிடம் போய் நிற்பேன். அவர் இடத்தில் ஒரே ஆளை வைக்க முடியாது, ஐந்தாறு பேரையாவது சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்” என்று எழுதுகிறார். புதுச்சேரியில் ஒரு வாழ்க்கைப் பயிற்சியாளரிடம் 18,000 ரூபாய் கட்டிச் சேர்ந்திருக்கிறார். “நீ அதிகம் பழகும் ஐந்து பேரின் சராசரிதான் நீ” என்று அவர் சொன்னாராம். அதைக் கேட்டு ‘என் வழிகாட்டிகள்’ என்ற பெயரில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கினார். சித்தப்பா, நாத்தனார், அலுவலக மேலாளர், கல்லூரித் தோழி, எட்டாம் வகுப்பில் பாடம் எடுத்த டீச்சர் (இப்போது 74 வயது, இடது காது கேட்காது), கடைசியாக அந்தப் பயிற்சியாளர். குழுவில் இரண்டு கேள்விகளை வைத்தார். பாதியில் விட்ட சி.எம்.ஏ. (செலவு, மேலாண்மைக் கணக்கியல்) இடைநிலைத் தேர்வை மறுபடி எழுதலாமா? தோப்பில் என் பங்கைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்துவிடலாமா?

நாற்பது நாளில் நடந்தவை: சித்தப்பா தினமும் காலை வணக்கத்துடன் பூப்படம் அனுப்பினார். தோழி “உன்னால் முடியும்” என்று எழுதினார். மேலாளர் எல்லாவற்றையும் படித்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஆண்டு முடிவுக் கணக்கு வேலையை மட்டும் இன்னொருவரிடம் கொடுத்தார். நாத்தனார் மாமியாரிடம், “உங்கள் மருமகள் வேலையை விட்டுவிட்டுப் படிக்கப் போகிறாளாம்” என்று சொல்லிவிட்டார். டீச்சர் ஒரு வார்த்தையும் எழுதாமல் குழுவிலிருந்து வெளியேறினார். பயிற்சியாளர், “உங்கள் வட்டம் பலவீனமானது” என்று சொல்லி, 75,000 ரூபாய் கட்டித் தன்னுடைய ‘உள்வட்டத்தில்’ சேரச் சொல்கிறார். இதற்கிடையில் சித்தப்பா அடுத்த வளர்பிறை முகூர்த்தத்தில் விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் பத்திரம்) பதிவதற்கு நாள் குறித்துவிட்டார்.

“நான் ஆட்களைத் தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டேனா? சரியான ஐந்து பேரை எப்படிக் கண்டுபிடிப்பது?” என்பது கேள்வி.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் கேட்டிருப்பதற்குப் பிறகு வருகிறேன். ஒன்பதாம் பக்கத்தில், போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு வரிதான் எனக்கு அவசரமாகப் படுகிறது.

முதலில், அந்தப் பத்திரம்

குறித்த நாளில் பதிவு அலுவலகத்துக்குப் போகாதீர்கள். உடம்பு சரியில்லை என்றோ ஊரில் இல்லை என்றோ பொய் சொல்லவும் வேண்டாம். “சித்தப்பா, அம்மாவும் தம்பியும் நானும் பேசி முடித்த பிறகு சொல்கிறேன். அதுவரை கையெழுத்து வேண்டாம்” என்று சொன்னால் போதும். அவர் வருத்தப்படுவார். அந்த வருத்தம் ஒரு மாதத்தில் ஆறிவிடும். பதிந்த பத்திரம் அப்படி ஆறாது.

நான் மனநல ஆலோசகர், வழக்கறிஞர் இல்லை. ஆகவே புதுச்சேரியில் பல ஆண்டுகளாகச் சொத்து வழக்குகள் பார்த்துவரும் ஒரு தோழியிடம் உங்கள் கடிதத்தின் இந்தப் பகுதியை மட்டும், ஊர் பெயரெல்லாம் சொல்லாமல் வாசித்துக் காட்டினேன். அவர் சொன்னது இது. தோப்பு உங்கள் அப்பா தானே வாங்கியதாக இருந்து, உயிலும் இல்லையென்றால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மா, தம்பி, நீங்கள் மூவருக்கும் சமபங்கு. தாத்தா வழியில் வந்த சொத்தாக இருந்தால் கணக்கு கொஞ்சம் மாறும். ஆனால் மகள் என்பதால் உங்களை அந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிட முடியாது. தமிழ்நாட்டில் 1989-லேயே சட்டத்தைத் திருத்தினார்கள், நாடு முழுவதற்கும் 2005-இல் திருத்தினார்கள். (புதுச்சேரியில் பிரெஞ்சுக் காலத்திலேயே பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்கு மாறிக்கொண்ட குடும்பங்கள் உண்டு, அவர்கள் வழக்கு தனிக்கதை. உங்கள் நிலம் கடலூர் மாவட்டத்தில் இருப்பதால் அந்தச் சிக்கலும் இல்லை.)

“கல்யாணத்தில் முப்பது பவுன் போட்டாயிற்று, அதோடு பெண்ணுக்குக் கணக்கு முடிந்தது” என்று சித்தப்பா சொன்னதை நீங்களும் அப்படியே நம்பியிருக்கிறீர்கள். ஊரில் எல்லாரும் சொல்வதுதான். சட்டத்தில் அப்படி ஒன்றும் இல்லை. நகை, பெற்றோர் மகளுக்குக் கொடுத்தது. அதனால் வாரிசுரிமை தீர்ந்துபோகாது.

விடுதலைப் பத்திரம் பதிந்துவிட்டால் உங்கள் பங்கு அந்த நிமிடமே போய்விடும். பிறகு மனம் மாறினால் சிவில் நீதிமன்றத்துக்குப் போய், ஏமாற்றியோ மிரட்டியோ கையெழுத்து வாங்கினார்கள் என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியிருக்கும். சொந்தச் சித்தப்பாவுக்கு எதிராகக் கூண்டில் ஏறி அதைச் சொல்ல உங்களால் முடியுமா? உங்கள் கடிதத்தைப் படித்த எனக்கு அந்தச் சந்தேகம் இருக்கிறது.

பத்திரத்தில் கைவைப்பதற்கு முன் தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அவர் சித்தப்பா கூட்டிவரும் வழக்கறிஞராக இருக்கக்கூடாது. செலவுக்குத் தயங்கினால் கடலூரிலேயே மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

பங்கைத் தம்பிக்குக் கொடுக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. எல்லாம் தெரிந்து, மனம் ஒப்பிக் கொடுத்தால் அது உங்கள் பெருந்தன்மை. அம்மாவின் காலம்வரை பிரிக்காமலே வைத்திருக்கலாம். அம்மா பெயருக்கு எழுதலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் இன்னொரு செய்தி இருக்கிறது: பங்கு தம்பி பெயருக்குப் போனதும், அவர் வெளிநாட்டில் இருப்பதால், பொது அதிகாரப் பத்திரத்தைச் சித்தப்பா பெயருக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. அதாவது குத்தகைக்கு நடத்துபவர் கையிலேயே விற்கும் அதிகாரமும் வந்து சேர்கிறது.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். ரொக்கத்தைக் கையில் வைத்திருப்பவரே ரொக்கப் பேரேட்டையும் எழுதக்கூடாது என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. காசாளர் யோக்கியமானவராகவே இருந்தாலும் அதுதான் விதி. அப்பாவின் காரியம் முடியும்வரை சித்தப்பா உங்கள் வீட்டுத் திண்ணையிலேயே படுத்திருந்தார், பதினாறாம் நாள் செலவில் பாதியைத் தானே ஏற்றார் என்றெல்லாம் எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். அவர் நல்ல மனிதராகவே இருக்கட்டும். நல்லவருக்கும் தன் பக்கத்து வரப்பு கொஞ்சம் உள்ளே தள்ளியிருப்பதாகத்தான் தோன்றும். தோப்பு விஷயத்தில் அவர் ஒரு கட்சி. ஆலோசகராக இருக்க முடியாது. பேத்தி காதுகுத்துக்கு யாரை அழைப்பது, கிணற்றைத் தூர்வார எந்த ஆளைப் பிடிப்பது போன்ற நூறு விஷயங்களுக்கு அவரிடம் போங்கள்.

இன்னொன்றும் கவனித்தேன். தோப்பைப் பற்றி ஆறு பேரிடம் கேட்டிருக்கிறீர்கள். தம்பியிடம் கேட்கவில்லை. “கேட்கக் கூச்சமாக இருக்கிறது” என்று ஒரு வரி. விட்டுக்கொடுக்கச் சொல்லித் தம்பி கேட்டதாகக் கடிதத்தில் எங்கேயும் இல்லை. சித்தப்பா சொன்னார் என்றுதான் இருக்கிறது. சிங்கப்பூருக்கும் நமக்கும் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை மாலை கூப்பிட்டுப் பேசுங்கள், அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.

அப்பா என்ன செய்தார்?

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். ‘அப்பா எனக்கு எல்லாவற்றுக்கும் வழி சொன்னவர்’ என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அவர் உங்களுக்குச் சொன்ன வழி எது என்று பதினொரு பக்கத்திலும் தேடினேன். ஒன்றுகூட அகப்படவில்லை. நான்காம் பக்கத்தில் இருப்பது இதுதான்: திண்ணையில் முறத்தை வைத்துக்கொண்டு அப்பா மல்லாட்டை (நிலக்கடலை) உரிப்பார், நீங்கள் எதிரில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பீர்கள், தோல் ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம் சேர்ந்துகொண்டே போகும், நீங்கள் முடித்ததும், “சரி, இதைச் செய்யாமல் விட்டால் என்ன ஆகும்?” என்று கேட்பார். பெரும்பாலும் அந்த ஒரு கேள்விதான். பதிலை நீங்களேதான் சொல்லியிருக்கிறீர்கள். சொல்லிவிட்டு, அப்பா சொன்னார் என்று வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள்.

உங்கள் கையிலிருந்து போனது ஆலோசனை என்று நினைக்கிறீர்கள். நீங்கள் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாத ஒரு மனிதர் போய்விட்டார். அந்த இடத்தை ஆறு பேரால் நிரப்ப முடியாது, அறுபது பேராலும் முடியாது. அது துக்கம். துக்கத்துக்கு வழிகாட்டிகள் குழு மருந்தாகாது. மல்லாட்டை உடைக்கும் சத்தம் கேட்டால் இப்போதும் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பதினான்கு மாதத்தில் அது இயல்புதான். ஆனால் தூக்கமும் சாப்பாடும் குறைந்துகொண்டே போனால், வேலையில் கை ஓடாமல் போனால் தள்ளிப்போடாதீர்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நேரில் பார்க்க வேண்டுமானால் கடலூரிலிருந்து ஒரு மணி நேரப் பஸ் தூரத்தில் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது.

அப்பாவைப் பற்றி நீங்களே எழுதிவிட்டு நீங்களே கவனிக்காத இன்னொன்று ஏழாம் பக்கத்தில் இருக்கிறது. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி ‘தானே’ புயலில் தோப்பு முழுவதும் சாய்ந்தது. பண்ருட்டிப் பக்கம் அந்த வாரத்தைப் பார்த்தவர்களுக்கு அதை விவரிக்கத் தேவையில்லை. பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்த நிலம். அப்பா ஒரு மாதம் யாரிடமும் அதிகம் பேசவில்லை என்கிறீர்கள். அந்த ஒரு மாதத்தில் அவர் எங்கெல்லாம் போனார் என்பதும் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. விருத்தாசலம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய் எந்த ஒட்டுக்கன்று நடலாம் என்று விசாரித்தார். வங்கிக்குப் போய்ப் பழைய கடனை என்ன செய்வது என்று பேசினார். மூன்றாவதாக, தோப்பில் நாற்பது ஆண்டு வேலை செய்த ஒரு பெரியவரின் வீட்டுக்குப் போய், மேட்டுப்பக்கம் நிலத்தில் மறுபடி முந்திரி வருமா என்று கேட்டார். அந்தப் பெரியவர், “அந்த மூலையில் மட்டும் வைக்காதீர்கள், அடியில் பாறை” என்றாராம்.

வங்கி அதிகாரியிடம் அவர் மண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. பெரியவரிடம் வட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. மூவரையும் ஒரே இடத்தில் கூட்டி உட்கார வைக்கவும் இல்லை. ஒவ்வொருவர் வாசலுக்கும் தானே போனார், அவரவருக்குத் தெரிந்ததை மட்டும் கேட்டார், பிறகு வீட்டுக்கு வந்து யோசித்தார். நீங்கள் பார்த்தது அதற்குப் பின் முடிவோடு எழுந்த அப்பாவை. அதனால்தான் அவருக்கு எல்லாம் தெரியும் என்று தோன்றியது.

அதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த இடம். கன்றுகள் வளர்ந்து முதல் நல்ல மகசூல் கிடைத்த ஆண்டு, ஒரு மஞ்சள் பையில் இரண்டு கிலோ முந்திரிப்பருப்பை எடுத்துக்கொண்டு, அந்த வங்கி அதிகாரி மாற்றலாகிப் போயிருந்த சிதம்பரத்துக்கு அப்பா பஸ் ஏறினார். “எதற்கு இவ்வளவு தூரம், கூரியரில் அனுப்பலாமே என்று கேட்டேன், அப்பா சிரித்தார்” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அதிகாரிதான் பிற்பாடு உங்கள் தம்பியின் படிப்புக் கடனுக்கு எந்தெந்தத் தாள் வேண்டும் என்று கைப்பட எழுதிக் கொடுத்தவர். ஒருவர் சொன்ன வார்த்தை என்ன ஆயிற்று என்று அவரிடமே போய்ச் சொல்லும் பழக்கம் நம்மில் பலருக்கு இல்லை. கேட்கும்போது ஓடுகிறோம், நடந்த பிறகு மறந்துவிடுகிறோம். அடுத்த முறை போனால் அவர் முகம் கொடுக்கவில்லை என்று குறைப்படுகிறோம். என்னிடம் வருபவர்களிலும் அமர்வுகள் முடிந்து ஒரு வருடம் கழித்து, “நீங்கள் அன்றைக்குச் சொன்னது சரிப்படவில்லை, வேறு மாதிரி செய்தேன், நன்றாக இருக்கிறேன்” என்று வந்து சொன்னவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அவர்கள் எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன்.

குழுவில் நடந்த பிசகு

ஆட்கள் தவறா என்று கேட்கிறீர்கள். ஆட்களில் இரண்டு பேர் தவறு, கூட்டிய விதம் முழுக்கத் தவறு என்பது என் எண்ணம். குடும்பத்தாரும் மேலதிகாரியும் இருக்கும் ஒரே அறையில் நின்றுகொண்டு சொத்து, படிப்பு, வேலை மூன்றையும் உரக்கப் பேசியிருக்கிறீர்கள். ஒவ்வொருவரும் தனக்குத் தேவையானதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு போனார்கள். மேலாளருக்குக் கேட்டது, ‘இவள் வேலையை விட்டுப் போகப் போகிறாள்’ என்பது. நாத்தனாருக்கும் அதேதான் கேட்டது. அவர்கள் கெட்டவர்கள் ஆகத் தேவையில்லை, கேட்கும் இடத்தில் இருந்தாலே போதும்.

மேலாளரிடம் இந்த வாரமே நேரில் பேசிவிடுங்கள். வேலையை விடும் எண்ணம் இல்லை, தேர்வு எழுத நினைப்பதே இந்த வேலையில் மேலே போகத்தான் என்று இரண்டு வாக்கியம். அவர் உங்கள் சம்பள உயர்வை முடிவு செய்பவர். அலுவலக நுணுக்கங்களுக்கு அவரைவிட நல்ல ஆசிரியர் கிடைக்காமல் இருக்கலாம். ஆனால் ‘இங்கேயே இருக்கலாமா, போகலாமா’ என்ற கேள்வியை அவரிடம் வைக்கக்கூடாது. நாத்தனார் விஷயத்தில் சமாதானம் எதுவும் தேவையில்லை. மாமியாரிடம் நீங்களே முதலில் சொல்லியிருந்தால் நாத்தனாருக்குச் சொல்ல எதுவும் மிஞ்சியிருக்காது.

பணம் வாங்கும் வழிகாட்டி

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் நானும் கட்டணம் வாங்குபவள். இங்கே நானும் ஒரு கட்சி. நம் நாட்டில் வாழ்க்கைப் பயிற்சியாளர் என்று பெயர்ப்பலகை வைக்க எந்த உரிமமும் வேண்டாம். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டால் சொல்லக் கடமைப்பட்டவர்கள். உரிமம் இல்லாததாலேயே ஒருவர் மோசக்காரர் ஆகிவிட மாட்டார். ஆனால் முதல் கட்டணத்துக்குப் பலன் கிடைக்காதபோது, அதற்குக் காரணம் உங்கள் சொந்தபந்தம்தான், மருந்து இன்னும் பெரிய கட்டணம் என்று சொல்பவரிடம் 75,000 ரூபாய் கட்டாதீர்கள். தவணையில் கட்டலாம் என்றாலும் வேண்டாம். கட்டிய 18,000 ரூபாய்க்கு என்னென்ன தருவதாகச் சொன்னார் என்பதை எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்; கட்டணச் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகிறது. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். கணவன் மனைவி விஷயங்களை எழுதித் தரச் சொன்னார் என்றும் குறிப்பிட்டிருக்கிறீர்கள். இனி எதுவும் எழுதிக் கொடுக்க வேண்டாம்.

அந்த ஐந்து பேரின் சராசரி என்ற கணக்கை எந்தத் தணிக்கையாளர் சரிபார்த்தார் என்றும் அவரிடம் கேட்டுப் பாருங்கள். அதை நம்பிய நாளிலிருந்து கணவரையே ‘சராசரியைக் குறைப்பவர்’ என்று நினைக்கத் தொடங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். “உனக்கு எது சரி என்று படுகிறதோ செய், பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொன்ன மனிதர் அவர். தேர்வு எழுதப்போகும் பெண்ணுக்கு இதைவிட உபயோகமான வார்த்தையை அந்த ஆறு பேரில் யாரும் சொல்லவில்லை.

தேர்வைப் பற்றி யாரிடம் கேட்பது?

உங்களுக்கு மிக நெருங்கியவர்களிடம் மட்டும் கேட்டிருக்கிறீர்கள். அவர்களில் ஒருவருக்கும் சி.எம்.ஏ. என்றால் என்னவென்று சரியாகத் தெரியாது. 1973-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர், பாஸ்டன் நகரை ஒட்டிய ஒரு புறநகரில், தெரிந்தவர் மூலம் புது வேலை கிடைத்தவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: அந்தத் தெரிந்தவரை எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பீர்கள்? அடிக்கடி சந்திப்பவர் என்று சொன்னது ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் வழி திறந்தது எப்போதாவது, அல்லது அரிதாகவே, பார்க்கும் ஆட்கள் மூலம். யோசித்தால் விளங்கும்: நம் வீட்டார் அறிந்த உலகமும் நாம் அறிந்த உலகமும் ஒன்றுதான். வேறு உலகத்துச் செய்தி வேண்டுமானால் அந்தப் பக்கம் நிற்பவரிடம்தான் கேட்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார். எட்டாம் பக்கத்தில் ஒரே வரியில் வந்துபோகிறார். முன்பு உங்கள் பக்கத்து மேசையில் இருந்தவர். கைக்குழந்தையோடு இடைநிலை இரண்டு பிரிவையும் முடித்துவிட்டு இப்போது வேறு நிறுவனத்துக்குப் போய்விட்டார். அவரிடம் ஏன் கேட்கவில்லை? ‘அவ்வளவு பழக்கம் இல்லை’ என்கிறீர்கள். அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.

ஆனால் “நான் படிக்கலாமா, வேண்டாமா” என்று கேட்காதீர்கள். யாரிடம் கேட்டாலும் அதற்கு “படியுங்கள்” என்றுதான் பதில் வரும். அது ஆலோசனையாகாது, மரியாதை. வீட்டுப்பாடத்தை முடித்துக்கொண்டு போங்கள். பழைய பதிவு இன்னும் செல்லுபடியாகிறதா, பாடத்திட்டம் எவ்வளவு மாறியிருக்கிறது என்று முதலில் பாருங்கள். தேர்வு ஜூன், டிசம்பர் என ஆண்டுக்கு இருமுறை. பிரிவுக்கு நான்கு தாள். இரண்டு பிரிவையும் ஒரே மூச்சில் எழுத வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு தாளிலும் 40, பிரிவு மொத்தத்தில் 50 சதவீதம் வேண்டும். இவ்வளவும் தெரிந்துகொண்டு, “டிசம்பரில் ஒரு பிரிவு மட்டும் எழுதப் பார்க்கிறேன். காலை நாலரை முதல் ஆறு வரைதான் எனக்கு நேரம் கிடைக்கும். நீங்கள் எந்தத் தாளில் சறுக்கினீர்கள்?” என்று கேளுங்கள். சறுக்கியதைக் கேட்டால் மனிதர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள். அரை மணி நேரம் போதும், அவரும் வேலைக்குப் போகிறவர். முடிவு எப்படியானாலும் டிசம்பர் முடிந்ததும் அவருக்கு ஒரு வரி எழுதுங்கள்.

இவ்வளவோடு ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கேட்பவர்களில் ஒருவராவது வேண்டாம் என்று சொல்லக்கூடியவராக இருக்கட்டும். நான் முத்தியால்பேட்டையில் முதன்முதலில் ஆலோசனை அறை வாடகைக்குப் பார்த்தபோது ஏழெட்டு பேரிடம் கருத்துக் கேட்டேன். நல்ல காற்றோட்டம், நல்ல வாடகை என்று எல்லாரும் சொன்னார்கள். நான் எப்படிக் கேட்டேனோ அப்படிப் பதில் வந்தது. முன்பணம் கொடுக்கப் போன அன்று, எதிரில் இருந்த தையல்கடைக்காரர் தைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்து, “அம்மா, மனசு சரியில்லாதவர்கள் இருபத்தேழு படி ஏறி வருவார்களா?” என்றார். எண்ணியிருக்கிறார்! நான் எண்ணவில்லை. அந்த அறையை எடுக்கவில்லை. அவரை யாருடைய வழிகாட்டிகள் பட்டியலிலும் சேர்த்திருக்க மாட்டார்கள். இப்போதும் ரவிக்கை தைக்க அவரிடம்தான் போகிறேன், ரவிக்கைக்காக மட்டும் போவதில்லை.

ஐந்து என்ற எண்ணை விட்டுவிடுங்கள். ஒரு விஷயத்துக்கு இரண்டு பேர் போதும், சிலவற்றுக்கு ஒருவர். சொத்துக்கு ஒரு வழக்கறிஞர், தேர்வுக்கு அந்தப் பழைய சக ஊழியர், அலுவலக நடைமுறைக்கு மேலாளர். அவர்கள் ஒருவரையொருவர் அறிந்திருக்கவே தேவையில்லை; தான் உங்கள் ‘வழிகாட்டி’ என்பதும் அவர்களுக்குத் தெரியவேண்டாம். அந்தப் பட்டத்தைக் கொடுத்ததும் மனிதர்கள் ஒன்று பயந்து ஒதுங்குகிறார்கள், இல்லாவிட்டால் உபதேசம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். உங்கள் குழுவில் இரண்டும் நடந்திருக்கிறது. குழுவைச் சண்டையில்லாமல் மூடிவிடுங்கள்: “எல்லாருக்கும் நன்றி, இனி நேரில் வந்து பேசுகிறேன்” என்று எழுதினால் போதும்.

டீச்சர்

டீச்சர் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டார் என்று வருந்தியிருக்கிறீர்கள். எழுபத்து நான்கு வயதில் விடிந்ததும் விடியாததுமாகக் கைபேசியில் பூப்படங்கள் வந்து விழுந்துகொண்டே இருந்தால் நானும் வெளியேறியிருப்பேன். அவருக்குச் சி.எம்.ஏ.வும் தெரியாது, விடுதலைப் பத்திரமும் தெரியாது. எட்டாம் வகுப்பில் நீங்கள் கணக்கில் தோற்றபோது ஒரு மாதம் மாலையில் வீட்டுக்கு வரச் சொல்லி, நீங்கள் போடும் கணக்கை எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தார், தப்பு வந்தால் பென்சிலால் மேசையை ஒருமுறை தட்டுவார் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பத்தியை மறுபடி எடுத்துப் படித்துப் பாருங்கள்.

அவர் வீடு மஞ்சக்குப்பம், உங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம்கூட ஆகாது. ஒரு சனிக்கிழமை மாலை போங்கள். கேள்வி எதையும் எழுதி எடுத்துக்கொண்டு போகவேண்டாம், கைபேசியைப் பையிலேயே வைத்திருங்கள். இடது காது கேட்காது என்கிறீர்கள். வலது பக்கமாக உட்காருங்கள்.